ரீச்சரிடம் கேளுங்கள்: அடிக்குறிப்பைத் திறந்து பார்த்தீர்களா?

போன இதழில் ஒரு தாய், "மகளின் ஒப்படைக்கு விக்கிப்பீடியாவைப் பார்க்க விடலாமா?" என்று கேட்டிருந்தார். "தாராளமாக விடுங்கள், ஆனால் அதோடு நிற்க விடாதீர்கள்" என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரி காணாது என்று வந்து சேர்ந்த கடிதங்கள் சொல்கின்றன. 31 வருடம் பாடசாலை நூலகத்தில் இருந்தவள் நான். இதைவிட எனக்கு நெருக்கமான விஷயம் வேறில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் இதற்கே.

ரீச்சர், எங்கள் வரலாற்று ஆசிரியர் "விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு வரி எடுத்தாலும் புள்ளி தரமாட்டேன்" என்கிறார். கூகுளில் எதைத் தேடினாலும் அதுதான் முதலில் வருகிறது. நான் என்ன செய்ய?
*— உயர்தர மாணவி, சுன்னாகம்*

பிள்ளை, ஆசிரியர் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. ஒப்படையின் உசாத்துணைப் பட்டியலில் விக்கிப்பீடியா என்று எழுதாதீர்கள். அது ஒரு கலைக்களஞ்சியம் என்பதுதான் காரணம். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் காட்டினாலும், பல்கலைக்கழகத்தில் "மூலம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். மற்றவர்கள் தேடிக் கண்டதைச் சுருக்கித் தருவதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை. விக்கிப்பீடியாவும் இதை ஒத்துக்கொள்கிறது. அங்கே ஒரு கட்டுரைக்கு இன்னொரு விக்கிக் கட்டுரையைச் சான்றாகக் காட்ட அனுமதி இல்லை.

தொடவே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் யாழ்ப்பாணத்தில் அபிதானகோசம் என்ற கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். ஒரு தனி மனிதர் செய்த பெரிய காரியம் அது. ஆனால் அதில் ஒரு பிழை நுழைந்திருந்தால், எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று அந்தப் பக்கத்திலேயே தேடிப் பிடிக்க வழியில்லை. விக்கியில் வழி இருக்கிறது. யார் எழுதினார், என்றைக்கு எழுதினார், எந்தச் சொல்லை மாற்றினார், யார் மறுத்தார், எல்லாம் அப்படியே கிடக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

2005இல் 'நேச்சர்' அறிவியல் இதழ் ஒரு ஒப்பீடு செய்தது. 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், ஆங்கிலக் கலைக்களஞ்சியமான பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா அந்த முடிவைக் கடுமையாக மறுத்தது. இந்தக் கணக்கைத் தூக்கிக் காட்டி "விக்கி நல்லதுதான்" என்று வாதிடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: அது ஆங்கிலம், அது அறிவியல். சாவகச்சேரிச் சந்தையைப் பற்றிய கட்டுரையை எந்த நிபுணரும் அப்படிச் சரிபார்த்துத் தரவில்லை. அதை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். ஒரு கொப்பியை எடுங்கள். கட்டுரையை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். ஆட்களின் பெயர், ஆண்டு, ஊரின் வேறு பெயர்கள், தேடுவதற்குப் பயன்படும் சொற்கள், இவற்றைக் குறியுங்கள். பிறகு அடியில் உள்ள நூல்களின் பெயர்களைக் குறியுங்கள். குறித்ததும் விக்கியை மூடிவிட்டு அந்த நூல்களைத் தேடிப் போங்கள். ஒப்படையில் வருவது அந்த நூல்களில் நீங்கள் கண்ணால் பார்த்த பக்கங்கள் மட்டும். உங்கள் ஆசிரியர் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பற்றிச் செயற்திட்டம் செய்கிறேன். சான்று எண் போட்டிருக்கும் வரிகளை மட்டும் எடுத்தால் பிழை வராதுதானே?
*— மாணவன், நல்லூர்*

வரும் தம்பி. நீங்கள் எடுத்த பொருளிலேயே அது வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை இதே தலைப்போடு என்னிடம் வந்தாள். வடிவான கையெழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. மூன்றாம் பக்கத்தில், மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்ற சங்கிலியன்தான் பின்னர் போர்த்துக்கேயரிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான் என்று எழுதியிருந்தாள். நான் பென்சிலால் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதினேன்: 1544, 1619. மன்னார்ச் சம்பவம் முதலாவது. யாழ்ப்பாண அரசு விழுந்தது இரண்டாவது. கழித்துப் பார் என்றேன். 75 என்றாள். அதன் பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப இரண்டு பேரா ரீச்சர்?" என்றாள்.

இரண்டு பேர்தான். அவள் எடுத்த வரிக்குச் சான்று எண் இருந்தது. சான்றும் பொய்யில்லை, யாழ்ப்பாண வைபவமாலை. அதில் வருவது ஒரே சங்கிலிதான். ஆனால் மயில்வாகனப் புலவர் அந்த நூலை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்கு இணங்க, 18ஆம் நூற்றாண்டில். மன்னார்ச் சம்பவத்துக்கும் அவருக்கும் இடையில் கிட்டத்தட்ட இருநூறு வருடங்கள். அவர் காலத்தில் ஊரில் வழங்கிய கதைகளையும் ஏடுகளையும் வைத்துத் தொகுத்தார். அது எங்களுக்குக் கிடைத்த பெரும் செல்வம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1544இல் நடந்ததை நேரில் கண்டவரின் சாட்சியம் போல அதை வாசிக்கக் கூடாது.

பின்னால் வந்தவர்கள் வைபவமாலையைப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற எழுத்துகளோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். முதலியார் செ. இராசநாயகத்தின் ஆங்கில நூல் 1926இல் வந்தது. சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் வந்தது. தலைப்பிலேயே விமர்சனம் என்று வைத்தார் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு மூலத்தை இன்னொரு மூலத்தால் உரசிப் பார்க்கும் பழக்கம் இணையத்தோடு வந்ததில்லை.

போர்த்துக்கேயர் பக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெர்னாவோ தெ குவேய்றோஸ் ஒரு இயேசு சபைப் பாதிரியார். போர்த்துக்கேயர் இலங்கையைக் கைப்பற்றிய கதையைக் கோவாவில் இருந்துகொண்டு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதினார். தன் சபையும் தன் நாடும் செய்ததை அவர் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார் என்று யோசித்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஆகவே தம்பி, சான்று எண்ணைக் கண்டால் அதைத் தொடுங்கள். கீழே என்ன நூல் என்று பாருங்கள். பக்க எண் இருக்கிறதா? சம்பவம் நடந்து எத்தனை வருடத்துக்குப் பிறகு எழுதப்பட்டது? யாருக்காக? அதற்குப் பிறகு முக்கியமான வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்த வரி உண்மையாகவே இருக்கிறதா என்று பார்ப்பது. நூல் "இருக்கலாம்" என்று சொன்னதைக் கட்டுரை "இருந்தது" என்று எழுதியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஈழத்து நூல்கள் பல, இணையத்தில் உள்ள 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் காசு இல்லாமல் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய அந்த முயற்சி எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் பாடசாலை நூலகத்தின் அட்டைப் பட்டியலைப் பூட்டிய அலுமாரியில் விட்டுவிட்டு நடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது. அட்டைகள் இல்லை.

ஒரே தகவல் ஐந்து இணையத்தளங்களில் இருந்தால் அதை உறுதி என்று எடுக்கலாமா?
*— ஆசிரியர், மானிப்பாய்*

ஐந்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு சாட்சிதான் சேர்.

2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்குக்கு "பிரேசிலிய ஆர்டுவார்க்" என்றும் பெயருண்டு என ஆங்கில விக்கியில் விளையாட்டாக எழுதினார். அப்படி ஒரு பெயரே கிடையாது. ஆனால் பிரித்தானியப் பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. ஒரு பல்கலைக்கழக அச்சகத்தின் நூலிலும் வந்துவிட்டது. பிறகு அதே எழுத்துகள் விக்கிக் கட்டுரைக்கே சான்றாகப் போடப்பட்டன. கதை வெளியே வர 2014 ஆனது.

இது அமெரிக்காவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றின் ஆண்டு விழாவுக்கு மலர் தயாரித்தார்கள். பெயர் வேண்டாம். மலரில் தொடக்க ஆண்டு 1869 என்று வந்தது. நான் அந்தப் பாடசாலைக்குச் சின்ன வயதில் போய்வந்தவள், பழைய கட்டடத்தின் வாசல் நிலைக்கு மேலே கல்லில் 1896 என்று வெட்டியிருப்பது கண்ணில் நிற்கிறது. மலர்க் குழுவில் இருந்த பொடியனைக் கேட்டேன், விக்கியில் எடுத்ததாகச் சொன்னான். விக்கியைத் திறந்தால் 1869க்குச் சான்று இருக்கிறது. என்ன சான்று? அந்த மலர்.

அன்று பின்னேரம் அவனும் நானும் கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தோம். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் ஒரு எண் இருக்கும். கூடிய அளவு பச்சையில், குறைந்த அளவு சிவப்பில். எல்லாரும் பெரிய எண்களைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் பெரிய சிவப்பு எண்களைத்தான் முதலில் திறந்தோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 0 என்றிருந்த ஒரு திருத்தத்தைத் திறந்தோம். அங்கேதான் இருந்தது. 1896இன் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. நாலு இலக்கத்தை எடுத்து நாலு இலக்கத்தை வைத்தால் அளவு மாறாதே! பெயர் பதியாத ஒருவர், ஒரு காரணமும் எழுதாமல் செய்த திருத்தம். கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை, கை தவறியிருக்கும். அதன் பின்னர்தான் மலர் அச்சானது, அதன் பின்னர்தான் மலர் சான்றானது. அன்றிலிருந்து ஆண்டுகள் வரும் கட்டுரையில் நான் முதலில் தேடுவது அந்தப் பூச்சியங்களை.

அந்தக் கல்லையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. கல் சொல்வது கட்டடத்தின் ஆண்டு. பாடசாலை அதற்கு முன்னரே ஒரு கொட்டிலில் நடந்திருக்கலாம். அதிபரிடம் அனுமதி கேட்டு, பாடசாலையில் நடப்பவற்றை எழுதிவைக்கும் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். கறையான் தின்றது போக மிஞ்சிய முதல் தாளிலும் 1896தான். இரண்டு சான்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. எனக்கு அப்போதுதான் மனம் ஆறியது.

கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு: கட்டுரையின் அடியில், கடைசியாக எப்போது தொகுக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் வரலாறு திறக்கும்.

ஒரே பொருளைத் தமிழ் விக்கி ஒருமாதிரியும் ஆங்கில விக்கி வேறுமாதிரியும் சொல்கிறது. எதை நம்ப?
*— நெடுந்தீவு வாசகி*

இரண்டும் தனித்தனிக் கட்டுரைகள் அம்மா, வேறுவேறு ஆட்கள் எழுதியவை. ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆங்கிலத்தில் அதிகம் பேர் கண் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் தீவைப் பற்றி எழுதும்போது அங்கே எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆங்கிலத்தில் அது டெல்ஃப்ட். ஒல்லாந்து நாட்டில் ஒரு நகரத்துக்கும் அதே பெயர். ஊர்காவற்றுறை அங்கே கெய்ட்ஸ், பருத்தித்துறை பொயின்ட் பீட்ரோ. ஊர் தெரியாதவரோ இயந்திரமோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் இந்தப் பெயர்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனையிறவை "எலிபன்ட் பாஸ்" என்று எழுதியிருக்கும் தமிழ்க் கட்டுரையைக் கண்டால், மற்ற வரிகளையும் இரண்டு மடங்கு கவனத்தோடு வாசியுங்கள்.

ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுக்கு நடந்தது எனக்கு மறக்காது. அந்த மொழியே தெரியாத ஒரு அமெரிக்க இளைஞர் பல வருடங்களாக அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. மொழி தெரிந்தவர்கள் எட்டிப் பார்க்காததால் அது அவ்வளவு நாள் நின்றது. தமிழுக்கு அந்த நிலை இல்லை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலேயே அதைத் தாங்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். இன்றைக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் காவல் நிற்கப் போதிய ஆட்கள் இல்லை, அதுதான் என் கவலை. தீவுப்பகுதிக் கட்டுரைகளை உங்களைப் போன்றவர்கள் வாசித்துப் பிழை சொன்னாலே பெரிய உதவி.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது மே 31ஆ, ஜூன் 1ஆ?
*— கொக்குவில் வாசகர்*

1981 மே 31 இரவு என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள், ஜூன் 1 இரவு என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். கலைக்களஞ்சியம் ஒன்றைத் தெரிவுசெய்து போட்டுவிடும், ஒப்படை எழுதுபவர் அப்படிச் செய்யக் கூடாது. எந்தத் திகதியை யார் சொல்கிறார், அவர் அன்று எங்கே இருந்தார், எப்போது எழுதினார் என்பதோடு இரண்டையும் எழுதுங்கள். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். மறுநாள் எழுதிவைத்திருக்க வேண்டியவர்களின் மேசையும் எரிந்துபோனது. ஏறத்தாழ 97,000 நூல்கள் என்ற கணக்கு எங்கும் வரும். அதையும் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்று குறித்தே எழுதுங்கள்.

விக்கியை விட்டுவிட்டுச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நேரம் மிச்சம்தானே?
*— பெயர் குறிப்பிடாதவர்*

அதுவும் படித்ததில் விக்கிப்பீடியா ஒன்று. ஆனால் அதன் பதிலுக்கு 'வரலாறு' பக்கம் இல்லை, எந்த 0 எங்கே நுழைந்தது என்று பார்க்க முடியாது. அது தரும் நூற்பெயர் சிலவேளை இல்லாத நூலின் பெயராகவும் இருக்கும். கேட்பதானால் கேளுங்கள், அது சொன்ன நூலை நூலகத்தில் கையில் எடுக்கும் வரை ஒன்றையும் எழுத வேண்டாம்.

எங்கள் ஊர் வாசிகசாலையைப் பற்றி விக்கியில் பிழையாக இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் என் தகப்பனாரும் ஒருவர், எனக்கு எல்லாம் தெரியும். திருத்தினேன். அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?
*— ஓய்வுபெற்ற தபாலதிபர், காரைநகர்*

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். வலிக்கத்தான் செய்யும். சொந்தத் தகப்பன் வியர்வை சிந்திய இடத்தைப் பற்றி முகம் தெரியாத ஒருவர் "சான்று இல்லை" என்று சொன்னால் யாருக்கு வலிக்காது?

ஆனாலும் அழித்தவர் பக்கத்தையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நாளைக்கு இன்னொருவர் வந்து, "என் பாட்டனார் சொன்னார்" என்று வேறு ஆண்டைப் போட்டால் எதை வைப்பது? அதனால்தான் ஏற்கெனவே அச்சில் வந்த, வேறு எவரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறார்கள். நினைவு பெரிய சொத்து, ஆனால் அது முதலில் வேறொரு இடத்தில் பதிவாக வேண்டும். விக்கி அதற்குரிய இடமில்லை.

எங்களிடம் அச்சில் வந்தவை குறைவு என்பது பாதிதான் உண்மை. கும்பாபிஷேக மலர்கள், சனசமூக நிலைய ஆண்டறிக்கைகள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள் எத்தனை வீட்டு மேல்தட்டில் கிடக்கின்றன! பிறகு கல்வெட்டு. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரையும் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். அதில் தேவாரம், வம்சாவழி, அவர் ஊருக்குச் செய்த காரியங்கள் எல்லாம் இருக்கும். இறந்தவரைப் பற்றிப் புகழ்ந்துதான் எழுதுவார்கள், அந்தப் புகழ்ச்சியைக் கழித்துவிட்டு வாசிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டில் எந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார் என்பது போன்ற சின்னத் தகவல்களை அங்கே தவிர வேறெங்கும் காணமாட்டீர்கள். ஒரு கல்வெட்டை மட்டும் வைத்து விக்கியில் வாதாட முடியாது. அதோடு ஒரு ஆண்டறிக்கையோ பழைய பத்திரிகைச் செய்தியோ சேர்ந்தால் கதை வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், குறை நினைக்காதீர்கள். உங்கள் தகப்பனாரின் பெயர் வருகிற கட்டுரையை நீங்களே திருத்துவதைவிட, 'உரையாடல்' பக்கத்தில் "எனக்கு உறவு உண்டு, இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது, பார்த்துத் திருத்துங்கள்" என்று வெளிப்படையாக எழுதுவது நல்லது. அப்படி எழுதினால் அங்கே இருப்பவர்கள் மரியாதையாகப் பதில் சொல்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில், வாசிகசாலையின் வெள்ளிவிழா மலர் ஒன்று தமக்கையார் வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் எடுங்கள். முன்னட்டை, அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பக்கம், தொடக்கக் கூட்டத்தைப் பற்றிய பக்கம், மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். மலரை மடிக்க வேண்டாம், கம்பி கட்டிய இடத்தில் தாள் நொறுங்கும். உரையாடல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று நான் வரைந்து அனுப்புகிறேன்.